நைனா நீக்கிய மூன்று புள்ளிகள்

என் அப்பாவின் பெயர் செங்கல்வராயன். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். இதை எழுதத் தொடங்கியபோது "அப்பா" என்று போட்டுப் பார்த்தேன். யாரோ வேறு ஆளைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் நைனா என்றே எழுதுகிறேன்.

நகரிக்குத் தெற்கே, மலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் வேர்க்கடலையும் கேழ்வரகும் பயிரிட்ட குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் தெலுங்கு. புத்தூரில் பள்ளியை முடித்துவிட்டுத் திருப்பதியில் இரண்டு வருஷம் இன்டர்மீடியட் படித்தார். கணக்கில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தார். மேலே படிக்க வழியில்லாமல் பல வருஷம் ஊரில் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆந்திரா தனி மாநிலமாகி இரண்டு வருஷம் கழித்து, 1955-ல், நிலத்தை ஆராயும் ஒரு சர்க்கார் குழுவில் வேலை கிடைத்தது. உத்தியோகத்தின் பெயர் கம்ப்யூட்டர். அந்தக் காலத்தில் அது இயந்திரத்தின் பெயர் அல்ல. உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆளின் பெயர்.

எங்கே அணை கட்டலாம், அங்கே மண்ணுக்குக் கீழே எத்தனை அடியில் பாறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்தக் குழுவின் வேலை. தோண்டாமலே சொல்ல வேண்டும். தரையில் ஒரு சின்னக் குழி போட்டு வெடி வைப்பார்கள். அதிர்ச்சி கீழே இறங்கிப் போகும். ஒரு வகை மண் முடிந்து இன்னொரு வகை தொடங்கும் இடத்தில் அதில் ஒரு பங்கு முட்டித் திரும்பி மேலே வரும். அதைக் கேட்பதற்குப் பன்னிரண்டு கருவிகளைத் தரையில் வரிசையாக ஊன்றி, கேபிளால் ஒரு வண்டியோடு இணைத்திருப்பார்கள். கூலியாட்கள் அவற்றைக் "காது" என்று சொல்வார்கள். வண்டிக்குள் நீளமான காகிதத்தில் பன்னிரண்டு கோடுகள் நெளிந்து நெளிந்து பதிவாகும். எதிரொலி எந்தக் காதுக்கு எப்போது வந்தது என்று விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் அதில் படிக்கலாம்.

நேரம் தெரிந்தால் மட்டும் ஆழம் தெரிந்துவிடாது. அதிர்ச்சி என்ன வேகத்தில் போய்த் திரும்பியது என்பதும் தெரிய வேண்டும். கெட்டியான பாறையில் அது விரைந்து ஓடும், ஈரக் களிமண்ணில் மெதுவாகப் போகும். வேகத்தைக் கண்டுபிடிக்கத்தான் காதுகளைத் தள்ளித் தள்ளி வைப்பது. வெடிக்குப் பக்கத்தில் இருக்கிற காது எதிரொலியை முதலில் கேட்கும். தூரத்துக் காது கொஞ்சம் பிந்திக் கேட்கும். எவ்வளவு பிந்துகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். அதிகம் பிந்தினால் கீழே இருப்பது மெத்தென்ற மண். கொஞ்சமே பிந்தினால் பாறை. கீழே இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் மேல் அடுக்கின் கணக்கை முதலில் முடித்து, அதைக் கழித்துவிட்டு, அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். இதுதான் நைனாவின் வேலை. கூடாரத்தில் ஒரு மடக்கு மேசை, லாகரிதம் புத்தகம், கட்டம் போட்ட காகிதம், சீவிய பென்சில்கள்.

குழுவின் தலைவர் கோதண்டராமையா ஒரு தெலுங்குக்காரர். நல்ல மனிதர். செங்கல்வராயன் போட்ட கணக்கை நான் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாராம். பிற்காலத்தில் நைனா இதைச் சொல்லும்போது பெருமைப்பட்டதில்லை. அவர் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பார்.

என் அம்மா தாட்சாயணி பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, பாலசுந்தரம். எனக்கு மாமா. நான் அவரைப் பார்த்த ஞாபகம் இல்லை. சிரித்துக்கொண்டே இருப்பார், பாட்டுப் பாடிக்கொண்டே ஏர் ஓட்டுவார், ஓரிடத்தில் நிலையாக இருக்கமாட்டார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நைனாவோடு ரொம்ப ஒட்டுதல். நைனா லீவில் போனால் அந்தப் பன்னிரண்டு காதுகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பாராம். 1959 ஆனி மாதம் அவருக்கும் கங்கம்மாளுக்கும் கல்யாணம் நடந்தது. கங்கம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அந்த வருஷக் கடைசியில் குழு ஆவாரங்குப்பத்துக்கு வந்து கூடாரம் போட்டது. பள்ளிப்பட்டுக்கு மேற்கே ஓர் ஓடைக்கரை ஊர். ஓடையை மறித்து ஓர் ஏரி கட்டலாமா என்று பார்க்க வந்தார்கள். அது ஒரு மாதிரியான நேரம். திருத்தணியும் பள்ளிப்பட்டும் மதராஸுக்குப் போகப் போகின்றன, சத்தியவேடு ஆந்திராவுக்கு வரப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த ஏப்ரல் முதல் தேதி எல்லை மாறும் என்று உறுதியாகிவிட்டது. அதற்குள் வேலைகளை முடித்துக் கணக்கை மூடுங்கள் என்று மேலேயிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். ஒரு நாளைக்கு இரண்டு இடத்தில் வெடி வைத்தார்கள். ஒரே வெடியோடு ஓர் இடத்தை முடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள்.

எனக்கு அப்போது மூன்றாம் வயது. திருமலையில் மொட்டையடிப்பதாக வேண்டுதல். டிசம்பர் பதினான்காம் தேதி நாள் குறித்திருந்தார்கள். நைனாவுக்கு மூன்று நாள் லீவு கிடைத்திருந்தது. பன்னிரண்டாம் தேதி மத்தியானம், அன்று காலையில் எடுத்த பதிவுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தார். முடித்துக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் புத்தூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

பதிவில் இரண்டு எதிரொலிகள் தெரிந்தன. முதலாவது அறுபது சொச்சம் அடியிலிருந்து. அதுவரைக்கும் கெட்டிப் பாறையின் வேகம் வந்தது. அதில் சந்தேகமில்லை. இரண்டாவது எதிரொலி இன்னும் கீழேயிருந்து. கட்டக் காகிதத்தில் காதுக்கு ஒன்றாக அதற்குப் புள்ளி குத்தும்போதுதான் சிக்கல் வந்தது. பக்கத்தில் இருந்த ஒன்பது காதுகளும் ஒரு விதமாகச் சொல்லின. கடைசி மூன்று, தள்ளித் தூரத்தில் வைத்திருந்தவை, வேறு விதமாகச் சொல்லின. எதிர்பார்த்ததைவிட மிகவும் பிந்தியிருந்தன. அந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மேலே இருக்கிற பாறையைவிடக் கீழே இருப்பது பாதி வேகம்தான் வந்தது.

அப்படி வரக்கூடாது என்று நைனா நினைத்தார். கீழே போகப் போக இறுக்கம் கூடும், வேகமும் கூடும் என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷத்தில் அவர் பார்த்த இடங்களிலெல்லாம் அப்படித்தான் இருந்தது. அதோடு ஒரு வாரத்துக்கு முன்னால் கேபிளின் அந்தக் கடைசிப் பகுதிமேல் ஒரு மாட்டுவண்டி ஏறிப் போயிருந்தது. மழையிலும் நனைந்திருந்தது. கேபிள் கோளாறாக இருக்கும் என்று முடிவு செய்து, மூன்று புள்ளிகளின்மேலும் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். மீதி ஒன்பதும் நூல் பிடித்தாற்போல் ஒரு கோட்டில் நின்றன. கீழே மேலைவிடக் கெட்டியான பாறை என்று விடை வந்தது. முதல் எதிரொலி பாறைக்குள் ஓடுகிற ஒரு விரிசலாக இருக்கலாம் என்று குறிப்பு எழுதினார். நூற்றைம்பது அடி வரைக்கும் பாறை என்று படம் வரைந்து கையெழுத்துப் போட்டார். கோதண்டராமையாவும் கையெழுத்துப் போட்டார். ரயிலைப் பிடித்துவிட்டார்.

இதில் அவருக்குப் பின்னால் தாங்க முடியாமல் போன விஷயம் ஒன்று உண்டு. பக்கத்துக் காதுகளில் பாறைக்கும் களிமண்ணுக்கும் ஒரு மில்லி விநாடிதான் வித்தியாசம். கண்ணால் படிக்கும்போது அந்த அளவுக்குப் பிசகு எப்போதும் உண்டு. வேகத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தக் கடைசி மூன்றையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நைனா நீக்கியது அந்த மூன்றைத்தான்.

அடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலை உச்சி வரைக்கும் அவரே என்னைத் தோளில் சுமந்துகொண்டு ஏறினாராம். அம்மா வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியபோது நான் அழ, என்னோடு அவரும் அழுவதுபோல் நடித்துக் காட்டினாராம். அந்த இரண்டு நாளும் அவர் இருந்த சந்தோஷத்தை அம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். அப்புறம் அந்த மனுஷனை அப்படிப் பார்க்கவேயில்லை என்பாள்.

ஜனவரியில் ஆவாரங்குப்பத்தில் சோதனைக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். அகலம் பத்தடி. பாறை என்று படம் சொன்னதால் சுற்றிலும் மரம் அடித்து முட்டுக் கொடுக்கவில்லை. கீழே முன்கூட்டித் துளை போட்டுப் பார்க்கவுமில்லை. பெரிய பம்பும் கொண்டுவரவில்லை. கிணறு வெட்ட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு பாலசுந்தரம் மாமா நைனாவிடம் வந்தார். கல்யாணமாகி ஆறு மாதம். மானாவாரி நிலத்தில் தை மாதத்துக்குமேல் வேலை கிடையாது. நைனா மேஸ்திரியிடம் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். சேருவதற்கு முன்னால் மாமா ஒன்று கேட்டார்.

"அடியில பாறைதானா மாமா? மண்ணு கிண்ணு சரியாதே?"

"பாறைதான்டா. நூத்தம்பது அடி வரைக்கும் பாறைதான். நான் போட்ட கணக்கு."

அந்த நேரத்தில் அம்மாவும் கங்கம்மாள் அத்தையும் பக்கத்தில் இருந்தார்கள். இருவருமே பிற்காலத்தில் இதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார்கள்.

மார்ச் பதினொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, அறுபத்திரண்டாவது அடியில், பாறையின் அடித்தட்டு உடைந்தது. கீழே களிமண்ணும் மணலும் கலந்த சேறு, மேலே இருந்த பாறையின் பாரத்தால் நெருக்குண்டு, தண்ணீரோடு காத்திருந்தது. மேலே நின்ற ஆட்கள் சொன்னது, முதலில் ஒரு பெருமூச்சுபோல் சத்தம் கேட்டது, பிறகு கிணறு கொதிக்கிற மாதிரி சேறு ஏறி வந்தது. கீழே ஐந்து பேர் இருந்தார்கள். இருவர் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். பாலசுந்தரம் மாமா, முனியப்பன் என்கிற வயசாளி, அய்யாவு என்கிற பக்கத்து ஊர்க்காரர் மூவரும் உள்ளேயே போய்விட்டார்கள்.

குழு அப்போது சந்திரகிரிப் பக்கம் போயிருந்தது. தந்தி கிடைத்து நைனா வந்து சேர மறுநாளாகிவிட்டது. வேலூரிலிருந்து பம்பு வந்து தண்ணீரை இறைத்து மாமாவை எடுக்க நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நைனா கிணற்றடியை விட்டு நகரவில்லை. தோண்டிக் கொட்டியிருந்த மண்ணையும் கல்லையும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். கங்கம்மாள் அத்தை வந்து அவர் காலடியில் விழுந்து, அண்ணா, நீங்க சொன்னா கேப்பாங்க, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க என்று அழுதாள். அவர் அவளைத் தூக்காமல் கையிலிருந்த கல்லையே புரட்டிக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாசக் கடைசியில் ஒரு விசாரணை நடந்தது. எதிர்பாராத விதமாக மறைந்திருந்த மண் அடுக்கு, யார் மேலும் தவறில்லை என்று இரண்டு பக்கத்தில் எழுதி முடித்தார்கள். நைனா விசாரணை அதிகாரியிடம் போய், தன்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்றார். அதிகாரிக்கு நேரமில்லை. எந்த பீரோ எந்த மாநிலத்துக்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதி அனுப்புங்கள் என்றார். ஏப்ரல் முதல் தேதி ஆவாரங்குப்பம் மதராஸ் மாநிலத்துக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பலகையைக்கூட மாற்றி எழுதினார்கள்.

நைனா எழுதினார். கணக்கில் தப்பு நடந்தது, தப்புச் செய்தவன் நான், பதிவையும் காகிதத்தையும் பார்த்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதினார். இடம் இப்போது எங்கள் எல்லையில் இல்லை, மதராஸுக்கு எழுதவும் என்று சித்தூரிலிருந்து பதில் வந்தது. மதராஸுக்கு எழுதினார். சம்பவம் நடந்தபோது இடம் எங்களுடையது அல்ல, ஆவணங்களும் எங்களிடம் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. ஹைதராபாத்துக்கு எழுதினார். விசாரணை முடிந்த விஷயம் என்றார்கள். மூன்று வருஷம் எழுதினார். தப்புச் செய்தவன் என்று ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், எந்த ஆபீசும் அவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கோதண்டராமையா ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போகுமுன் வீட்டுக்கு வந்து, கேபிள் கெட்டிருந்தது என்று நீ நினைத்தாய், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், இத்தோடு விடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நைனாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அந்தக் கேபிள்தான். கீழே சேறு இருந்தது உண்மை. ஆனால் அந்த மூன்று காதுகள் சொன்னது கேபிள் கோளாறினால் தற்செயலாக அமைந்ததாக இருந்தால், எந்த யோக்கியனும் அதை நம்பியிருக்கமாட்டான். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. கணக்கு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, திருப்பதியில் குழுவின் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளராகப் போனார். உத்தியோகத்தில் அது ஒரு படி கீழே. கூடாரம், கயிறு, மண்வெட்டி, கேபிள் சுருள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். 1960 ஜூன் மாதத்தில் ஒரு நாள் பழைய கேபிளைக் கிடங்கின் பின்பக்கம் முழுநீளத்துக்கு விரித்து, ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தார். நனைத்துச் சோதித்தார். மிதித்தும் வளைத்தும் சோதித்தார். மாட்டுவண்டி ஏறிய இடத்தில் மேல்தோல் நசுங்கியிருந்தது. உள்ளே பன்னிரண்டு கம்பியும் நன்றாக இருந்தன.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று புள்ளிகளைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் கேபிளைப் பற்றியும் சொன்னார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அந்த மூணையும் அடிக்காம வெச்சிருந்தா, தம்பி உயிரோட இருந்திருப்பானா?"

"இருந்திருப்பான்."

அம்மா அவருக்குச் சோறு போட்டாள். மறுநாளும் போட்டாள், கடைசி வரைக்கும் போட்டாள். ஆனால் அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருகிற வழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டாள். சின்ன வயதில் எல்லா வீடுகளிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் மாசியில், மாமாவின் திதி முடிந்த மறுநாள், நைனா தனியாகக் கிளம்பிப் பள்ளிப்பட்டுக்குப் போனார். கங்கம்மாள் அத்தை அப்போது தாய் வீட்டில் இருந்தாள். அவளைக் கொல்லைமேட்டில் பார்த்து, அம்மாவிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னார். அவள் கிணற்றுப் பாசனத்தில் போட்டிருந்த கடலைச் செடியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். முடிந்த பிறகு எழுந்து நின்று கேட்டாள்.

"இத இன்னாத்துக்கு அண்ணா எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

கையிலிருந்த களையை வரப்பில் எறிந்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒரு வருசமா நான் சாமியத் திட்டிக்கினு இருந்தேன். அது சுலபமா இருந்திச்சி. சாமி எங்கூட்டு சோறு துன்னதில்ல. என் கல்யாணத்துல முன்னால நின்னதில்ல. இனிமே உங்களத்தான திட்டணும். எனக்கு இருந்த ஒரு அண்ணனையும் எடுத்துக்கினு போறீங்க."

அவர் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ் கிடைக்காமல் எல்லைச் சாவடி வரைக்கும் நடந்தே வந்தாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் கோபமாகப் பேசினாள். உங்க பாரத்த இறக்கி அவ தலைல வெச்சிட்டு வந்துட்டீங்க என்றாள். அன்றிலிருந்து பல வருஷம் அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆபீஸ்களுக்கு எழுதுவது மட்டும் இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. பிறகு அதுவும் நின்றது.

கிடங்கு வேலையிலேயே அவர் இருபது வருஷம் ஓட்டினார். வேலையில் சுத்தம். புதிதாக வந்த கம்ப்யூட்டர்கள் சந்தேகம் கேட்டு வந்தால், கணக்கு எனக்கு மறந்துபோயிற்று என்று திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் நான் கணக்குப் பாடம் எழுதும்போது கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். நான் தப்பாகப் போட்டிருந்தால் அவர் முகத்தில் தெரியும்; வாயால் சொல்லமாட்டார். நான் கல்லூரியில் கணக்கு எடுத்தேன் என்றபோது நல்லதும்மா என்றார். சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கு நடந்து போவோம். நைனா அலிபிரி வரைக்கும் வருவார். முதல் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நீங்க போய்ட்டு வாங்க என்பார். மறுநாள் நாங்கள் இறங்கி வரும்போதும் அங்கேதான் இருப்பார். எனக்குப் பதினேழு வயதானபோது ஒரு தடவை நானும் மலைக்குப் போகாமல் அவரோடு உட்கார்ந்துகொண்டேன். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் அடுக்கு அடுக்காகக் கோடு கிழித்து, பன்னிரண்டு புள்ளி வைத்து, ஒரு பாடம் நடத்துகிறவர்போல் இல்லாமல், போலீஸ்காரனிடம் வாக்குமூலம் கொடுக்கிறவர்போல் சொன்னார்.

என் மொட்டைக்கு நாள் குறித்ததால்தானே அவர் அவசரப்பட்டார், அப்படியானால் மாமா போனது என்னால்தானா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வளர்ந்த பிறகு அவர் என் கையைப் பிடித்தது அப்போது மட்டும்தான்.

"இல்லம்மா. அப்படி நெனைக்காத. ரயிலு போனா இன்னொரு ரயிலு வரும். அவசரத்துல நான் அடிக்கல. கோடு நேரா வரணும்னு எனக்கு ஆசை. நெனச்சமாரி வரணும்னு ஆசை. லீவு இல்லன்னாலும் அடிச்சிருப்பேன்."

அதை என் மனசு ஆறுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் இப்போது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்தப் பன்னிரண்டு எண்களையும் என்னிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றையும் சேர்த்தால், பாறைக்குக் கீழே நாற்பத்தைந்து அடி மெத்தென்ற மண் என்று ஒவ்வொரு தடவையும் விடை வருகிறது.

1978-ல் புத்தூரில் என் கல்யாணம் நடந்தது. கங்கம்மாள் அத்தை மறுமணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்க எப்போதாவது வருவாள், நைனா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவாள். கல்யாணத்துக்கு அம்மாவே நேரில் போய் அழைத்துவிட்டு வந்தாள். அத்தை வந்தாள். என் தலையில் அட்சதை போட்டாள். பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வந்தவளை வாசலில் நைனா பார்த்துவிட்டார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"துன்னேன்," என்றாள். நின்று, கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நைனா அதை அன்று மட்டும் அம்மாவிடம் நாலைந்து தடவை சொன்னாராம். பேசினா, துன்னேன்னு சொன்னா என்று.

இரண்டு வருஷம் கழித்து, கிடங்கிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், அவருக்கு நெஞ்சுவலி வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். நினைவு தப்பவில்லை. யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை, எதையும் சொல்லியனுப்பவில்லை. ஆறாம் நாள் காலையில் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார்.

அத்தைக்குத் தந்தி கொடுத்தோம். புயல் மழையில் பஸ் ஓடவில்லை. எல்லாம் முடிந்த மூன்றாம் நாள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். ஒப்பாரி வைக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், ஊறவைத்திருந்த பருப்பை எடுத்து அரைக்க உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எங்களோடு இருந்தாள். அம்மாவைக் குளிக்க வைத்தாள், தலை வாரிவிட்டாள், சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மிளகாய் எந்த ஊரில் நன்றாக விளைந்திருக்கிறது, மழையில் யார் வீட்டுச் சுவர் இடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் துணிமணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரேன் அண்ணி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பள்ளிப்பட்டுப் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டாள்.